இனிஷியல் இல்லாத உத்தரவு

பேச்சிமுத்து மின்கம்பத்தில் செத்த ஒன்பதாம் நாள், அவரைக் கொன்றது யார் என்று கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள்.

யோசிக்கவோ தேடவோ யாரும் சொல்லவில்லை. காகிதம் தயாராக இருந்தது. பொது மேலாளர் கோதண்டபாணி அதை மேசைமேல் என் பக்கம் நகர்த்தி, பேனாவையும் மூடி கழற்றி வைத்தார். அவ்வளவு மரியாதை எனக்கு இந்த நிறுவனத்தில் பன்னிரண்டு வருடத்தில் கிடைத்ததில்லை.

காகிதத்தில் மூன்றே வரிகள் இருந்தன.

11:02:19. ஃபீடர் ஏழு. லைன் கிளியர் வழங்கப்பட்டது. பெற்றவர் இசக்கியம்மாள்.

11:41:07. இசக்கியம்மாளின் கைப்பட்டையிலிருந்து கடைசிச் செய்தி.

11:42:19. ஃபீடர் ஏழு. மின் இணைப்பு. உத்தரவின் மூலம் இசக்கியம்மாள்.

அதற்குக் கீழே, 'இந்தத் தடம் முழுமையானது, உண்மையானது என்று சான்றளிக்கிறேன்' என்று எழுதி, என் பெயரையும் பதவியையும் அச்சடித்திருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை விசாரணை. அரசாங்கத்துலேருந்து ஆய்வாளர் வர்றாங்க" என்றார் கோதண்டபாணி. "நீங்க கையெழுத்துப் போட்டுட்டு, இந்த டிரேஸிங் எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு வார்த்தை சொன்னா போதும். அந்தப் பொண்ணு மேல கேஸ் வரும். எனக்கும் வருத்தம்தான். ஆனா தடம் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, ரெக்ஸலின்?"

நான்தான் சொன்னேன். பதினாலு மாதத்துக்கு முன்னால், இதே அறையில், சட்டைக் காலரைத் தூக்கிவிடாத குறையாகச் சொன்னேன். என் வார்த்தையை என் தலையிலேயே கட்டுவதில் அவர் கெட்டிக்காரர்.

"படிச்சுட்டுப் போடுறேன் சார்" என்று காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். மூன்று வரியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் வாய் சும்மா இருந்திருக்காது.

எங்கள் நிறுவனம் தென்கரை மின்வலை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் தாண்டிக் கரையோரம் முழுக்க நிற்கிற காற்றாலைகளின் மின்சாரத்தை வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் கொண்டுபோவது எங்கள் வேலை. துணைமின் நிலையங்களில் இப்போது ஆளே கிடையாது. கதவைப் பூட்டிவிட்டு வந்து ஆறு வருடம் ஆகிறது. உள்ளே சுவிட்சுகள் தாமாகத் திறக்கும், தாமாக மூடும். அவற்றுக்கு உத்தரவு போடுவது நூற்றுப் பன்னிரண்டு சின்னச் சின்ன மென்பொருள்கள். ஒன்று இன்னொன்றிடம் சொல்லும், அது மற்றொன்றிடம் சொல்லும், கடைசியில் எங்கோ ஒரு சுவிட்ச் அசையும்.

ஆனால் கம்பத்தில் ஏறுவது மட்டும் இன்றைக்கும் மனிதர்கள்தான். ஏறுவதற்கு முன் அந்த வழித்தடத்தில், அதாவது ஃபீடரில், மின்சாரத்தை நிறுத்தி, 'இனி ஏறலாம்' என்று ஒப்புதல் வாங்க வேண்டும். அதுதான் லைன் கிளியர். வேலை முடிந்து, ஆட்கள் எல்லாரும் இறங்கி, வாங்கியவரே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு ரிட்டர்ன் என்று பெயர். ரிட்டர்ன் வரும்வரை மின்சாரம் வரக்கூடாது. கம்பத்தில் இருப்பவரின் உயிர் இந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில்தான் இருக்கிறது.

முன்பு இது போனில் நடந்தது. இப்போது தரையில் நிற்கிறவர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கைப்பட்டை வழியாக நடக்கிறது. கட்டியவரின் நாடித்துடிப்பு தெரிந்தால்தான் அது வேலை செய்யும். கழற்றி வைத்தால் வெறும் பிளாஸ்டிக்.

புதன்கிழமை மதியம், அலுவலகத்தின் டூவீலர் கொட்டகையில் இசக்கியம்மாளைப் பிடித்தேன். இருபத்தொன்பது வயது, வயர்வுமன் வேலை, நெற்றியில் வெயில் பட்டுக் கறுத்த கோடு. ஒன்பது நாளாக அவளைக் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டே ஒன்பது நாளும் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆள் பற்றாக்குறையாம். இந்த மானங்கெட்ட கணக்கு எங்கள் நிறுவனத்துக்கு மட்டும்தான் புரியும்.

"நான் ரிட்டர்ன் குடுக்கல மேடம்" என்றாள், நான் வாயைத் திறக்கும் முன்பே. "அண்ணாச்சி மேல நிக்காவ. நான் கீழ நின்னு அவ்வொ காலைத்தான் பாத்துட்டிருக்கேன். எந்தக் கிறுக்கியாவது ரிட்டர்ன் குடுப்பாளா?"

"தடத்துல உன் பேரு இருக்கே."

"இருக்குன்னுதான் எல்லாரும் சொல்லுதாவ. அந்தத் தடம்னா என்னன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ. நீங்கதான் போட்டீங்களாமே. நீங்களே சொல்லுங்க."

நியாயமான கேள்வி. ஒருத்தியை உள்ளே தள்ளுவதற்கு முன் எதை வைத்துத் தள்ளுகிறோம் என்றாவது சொல்ல வேண்டும் அல்லவா? கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னேன்.

"நம்மகிட்ட நூத்திப் பன்னெண்டு மென்பொருள் இருக்கு. முன்னாடி ஏதாவது தப்பு நடந்தா எது செஞ்சதுன்னே தெரியாது. ஒண்ணு இன்னொண்ணக் கை காட்டும். அதனால ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளயும் ஒரு சின்ன லைப்ரரியச் சேர்த்தேன். லைப்ரரின்னா யாரோ ஏற்கெனவே எழுதி வெச்ச துண்டு, நாம எடுத்து உள்ள செருகிக்கலாம். அது என்ன செய்யும்னா, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பேரு வெக்கும். அந்த வேலை யாருகிட்டேருந்து வந்துச்சோ அவங்க பேரையும் முன்னாடி சேர்க்கும். நமக்கு இனிஷியல் இருக்குல்ல, அந்த மாதிரி. இனிஷியலப் பிடிச்சிக்கிட்டே பின்னால போனா, முதல்ல ஆரம்பிச்சது யாருன்னு தெரிஞ்சிரும்."

அவள் கைப்பட்டையைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ லைப்ரரி போடாத மென்பொருளு ஏதாவது வேல சொன்னா?"

"அப்போ வேலைக்கு இனிஷியல் இருக்காது."

"இனிஷியல் இல்லாம வந்தா என்ன செய்யும்?"

பதில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கேயோ எழுதிய ஞாபகம் இருந்தது, என்ன எழுதினேன் என்பதுதான் பிடிபடவில்லை.

"அன்னைக்கு 11:41க்கு நீ என்ன அனுப்பினே?" என்று மட்டும் கேட்டேன்.

"டைம் கேட்டேன். இன்னும் பத்து நிமிஷம் வேணும்னு. ரெண்டு தடவ கேட்டேன். பதிலே வரல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஏழாம் ஃபீடர்னா எப்பவும் அவசரம்தான். நாப்பது நிமிஷத்துக்கு மேல போகாதீங்கன்னு சூப்பர்வைசர் சொல்லிக்கிட்டே இருப்பாரு. போனா திட்டுவாருன்னுதான் நெனச்சோம். அதுக்காவத்தான் எர்த் சங்கிலிகூடப் போடுறதில்ல. அதப் போட்டுக் கழட்டவே பத்து நிமிஷம் போயிரும். அது எங்க தப்பு. அத நான் இல்லன்னு சொல்லல."

எர்த் சங்கிலி போட்டிருந்தால், தவறி மின்சாரம் வந்தாலும் அது தரைக்கு ஓடியிருக்கும். பேச்சிமுத்து இப்போது டீ குடித்துக்கொண்டிருப்பார். முப்பது வருடம் கம்பம் ஏறிய மனிதர், திட்டுக்குப் பயந்து சங்கிலி போடாமல் ஏறியிருக்கிறார்.

வியாழன் காலை என் இருக்கையில் உட்கார்ந்து, பதினாலு மாதத்தில் ஏழாம் ஃபீடரில் கொடுத்த எல்லா லைன் கிளியரையும் எடுத்தேன். இருநூற்றுப் பதினொன்று. மற்ற ஃபீடர்களில் ஒரு வேலை ஒரு மணி நேரம் ஓடும், மூன்று மணி நேரமும் ஓடும். ஏழில் மட்டும் ஒன்றுகூட நாற்பது நிமிடத்தைத் தாண்டவில்லை. பெரும்பாலும் முப்பது, முப்பத்தைந்தில் முடித்திருந்தார்கள். ஆறு மட்டும் நாற்பது நிமிடத்தைத் தொட்டிருந்தன. சரியாக நாற்பது, ஒரு விநாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆறிலும் வேறு வேறு ஆட்களின் பெயர். ஆறு பேர் ஒரே மாதிரி விநாடி பிசகாமல் ரிட்டர்ன் கொடுப்பார்களா? அந்த ஆறிலும் ஆட்கள் அதற்குள் இறங்கியிருக்க வேண்டும், யாரும் சாகாததால் யாரும் கேட்கவில்லை. பேச்சிமுத்துவோடு ஏழு.

11:02:19. 11:42:19. காகிதத்திலேயே இருந்தது. மூன்று வரியைப் படிக்கத் தெரியாதவள் பன்னிரண்டு வருடம் பொறியாளர்.

அலங்காரம் செய்யாத மூலப் பதிவைத் திறந்தேன். மின் இணைப்பு உத்தரவு அங்கே இனிஷியல் இல்லாமல் நின்றது. அனுப்பியது 'மேல்தளம்' என்ற செயலி. அதை ஏழே ஏழு பெரிய அதிகாரிகள்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் லைப்ரரி சேர்க்கக்கூடாது என்று அன்றைக்கே சொன்னார்கள். இயக்குநர்களின் ஒவ்வொரு அசைவையும் பதிவு செய்வது முறையில்லையாம். விலக்குப் பட்டியலில் கையெழுத்துப் போட்டதும் இந்தக் கைதான். கம்பத்தடியில் நிற்கிறவளின் நாடித்துடிப்பைப் பதிவு செய்வது எந்த முறை என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மேல்தளத்துக்குள் போய்ப் பார்த்தேன். 'நிலை உத்தரவு 7-40'. ஏழாம் ஃபீடரில் எந்தக் காரணத்தால் மின்சாரம் நின்றாலும் நாற்பதாவது நிமிடம் திரும்பக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஃபீடரில்தான் ஒரு பெரிய சர்வர் கிடங்கு இருக்கிறது. அவர்களுடைய பேட்டரி நாற்பது நிமிடம் தாங்கும். கம்பத்தில் ஆள் இருக்கிறாரா என்று அந்த உத்தரவு யாரையும் கேட்காது. போட்டவர் கோதண்டபாணி.

சரி, அது எப்படி இசக்கியின் பெயரில் விழுந்தது? அதையும் தேடினேன். தேடாமல் விட்டிருக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியதை மறைக்கப்போவதில்லை.

ஒரே ஒரு வரி. 'அனுப்பியவர் தெரியாவிட்டால், கடைசியாகப் பேசிய கைப்பட்டையை அனுப்பியவராக வை.' அதற்கு மேலே குறிப்பு: 'தற்காலிகம். மி. ரெக்ஸலின்.'

இப்போது ஞாபகம் வந்தது. லைப்ரரி போட்ட முதல் மாதம், அறிக்கையில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள் வந்தன. மூலம் தெரியவில்லை, மூலம் தெரியவில்லை என்று. "இந்தச் சிவப்பெல்லாம் எதுக்கும்மா? போர்டு மீட்டிங்ல கேள்வி வரும்" என்றார் கோதண்டபாணி. கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போகிற அவசரம் எனக்கு. பஸ்ஸுக்கு முன் அரை மணி நேரத்தில் அந்த வரியை எழுதிப் புள்ளிகளை எல்லாம் பச்சையாக்கிவிட்டுக் கிளம்பினேன். அறிக்கை அழகாக இருந்தது. எனக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

அன்று மதியம் அலுவலக வாசல் டீக்கடையில் இசக்கியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் வரியையும் சேர்த்துத்தான். அவள் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அப்போ கடைசியா யாரு பேசுனாலும் அவங்க பேருதான் விழுமா?"

"ஆமா."

"நான் டைம் கேட்டதுனாலதான் எம்பேரு விழுந்துச்சு. வாய மூடிட்டு நின்னிருந்தா விழுந்திருக்காது."

"ஆமா இசக்கி."

"அண்ணாச்சியப் போட்டது அவரு. என்னைய மாட்டிவிட்டது நீங்க."

தலையை மட்டும் ஆட்டினேன். அவள் டீயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, கிளாஸைக் கழுவும் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வெள்ளி காலை பத்து மணிக்கு என் வேலையைத் தொடங்கினேன். அந்தத் தற்காலிக வரியை எடுத்தேன். மேல்தளத்துக்குள் லைப்ரரியைச் சேர்த்தேன். மூன்றே வரிதான், சேர்க்கக்கூடாது என்ற உத்தரவை மீறுவதற்குத்தான் பதினாலு மாதம் ஆனது. மாற்றத்தைப் பதிவு செய்யும்போது 'காரணம்' என்று ஒரு கட்டம் வரும். வழக்கமாக ஏதாவது பூசி மெழுகி எழுதுவோம். நான் 'பேச்சிமுத்து' என்று எழுதி, என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

பதினொரு மணிக்கு முதல் மாடி அறையில் விசாரணை. தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளர் தாஹிரா பானு மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் கோதண்டபாணி, எதிரில் இசக்கி. ஓரத்தில் நான், என் மடிக்கணினியோடு. ஏசி குளிர் எலும்பைத் தொட்டது.

"கையெழுத்துப் போட்டாச்சாம்மா?" என்றார் ஆய்வாளர்.

"இல்ல மேடம். இது உண்மையில்ல."

சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். இனிஷியல் கதையை அவருக்கும் சொன்னேன். ஏழு தடவை சரியாக நாற்பது நிமிடம் என்பதைக் காட்டினேன். என் வரியை அச்சடித்து எடுத்து வந்திருந்தேன், அதையும் அவர் முன்னால் வைத்தேன்.

"அப்போ இந்தப் பொண்ணு பேரை இதில் சேர்த்தது நீங்க எழுதினதா?"

"நான் எழுதினதுதான் மேடம்."

கோதண்டபாணி நிதானமாகச் சிரித்தார். அந்த நிதானத்தைப் பார்க்கத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாருங்க மேடம், இவங்களே தன் ரிப்போர்ட் தப்புன்னு சொல்றாங்க. அப்போ இன்னைக்குச் சொல்றது மட்டும் சரின்னு எப்படி நம்பறது? நிலை உத்தரவுன்னு ஒண்ணு கிடையாது. எங்க சிஸ்டத்துல ரிட்டர்ன் வராம மின்சாரம் வராது. ரிட்டர்ன் குடுக்கணும்னா கைப்பட்டை வேணும். கைப்பட்டை இந்தப் பொண்ணு கையில இருந்துச்சு. விஷயம் அவ்வளவுதான்."

"சோதிச்சுப் பாக்கலாமே மேடம்" என்றேன். "ஏழாம் ஃபீடர நிறுத்தி நாற்பது நிமிஷம் காத்திருப்போம்."

"ஓடுற ஃபீடர உங்க ஆசைக்கு நிறுத்த முடியாது ரெக்ஸலின். அதுக்கு ஒரு முறை இருக்கு. எழுதிக் குடுங்க, பரிசீலிக்கலாம்."

பரிசீலிப்பார்கள். இசக்கி ஜாமீனில் வந்த பிறகு பரிசீலிப்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இசக்கி எழுந்து நின்றாள். கையை வாய்க்கருகில் கொண்டுபோய், தினமும் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"ஃபீடர் ஏழு. தலைமை அலுவலகக் கம்பம். கம்பி தளர்வு. லைன் கிளியர் கேக்கேன்."

லைன் கிளியர் கேட்கும் அவளுடைய உரிமையை அவர்கள் இன்னும் பறிக்கவில்லை. ஆள் பற்றாக்குறை. கைப்பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது, எங்கள் அலுவலகமும் ஏழாம் ஃபீடரில்தான் என்பதால் ஏசி நின்றது, மேலே ஃபேனும் மெல்ல ஓய்ந்தது. 11:50 என்று என் திரையில் விழுந்தது.

இசக்கி கைப்பட்டையைக் கழற்றி ஆய்வாளரின் முன்னால் வைத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும் மேடம். இது இல்லாம ரிட்டர்ன் குடுக்க முடியாதுன்னு சார் சொல்லிட்டாரு. ரிட்டர்ன் இல்லாம கரண்ட் வராதுன்னும் சொல்லிட்டாரு. அப்போ நான் எவ்வளவு நேரம் மேல இருந்தாலும் எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சார்?"

கோதண்டபாணி மேசைமேல் இருந்த தன் டேப்லெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் ஏறுதேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். "கிறுக்கச்சி, நில்லு. அந்த உத்தரவு நெசமாவே இருக்கு. நாற்பதாவது நிமிஷம் வந்துரும்." அவள் திரும்பவில்லை. "உங்களுக்கு நெசம்னு தெரியும், எனக்கும் தெரியும். தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியட்டும். நீங்க மேல போயி உங்க பெட்டியப் பாத்துட்டு இருங்க. இந்தத் தடவ சரியா எழுதுதான்னு பாருங்க" என்றாள். வேறு வழி தெரியாமல் மேலே வந்தேன்.

அறையின் ஜன்னலுக்கு நேரெதிரே, வளாகத்தின் மூலையில் ஒரு பழைய கம்பம். ஜன்னலைத் திறந்து வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அவள் தலை தெரிந்தது, பிறகு தோள். இடுப்பு பெல்ட்டைக் கம்பத்தில் சுற்றி மாட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். உறை போடாத வெறுங்கையால் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"இறங்கச் சொல்லுங்க" என்றார் ஆய்வாளர்.

"நான் சொல்லிப் பாத்துட்டேன் மேடம். சார் சொன்னா இறங்குவா. உத்தரவு இருக்குன்னு சார் ஒரு வார்த்தை சொல்லட்டும்."

"இல்லாததை எப்படிங்க இருக்குன்னு சொல்றது?" என்றார் கோதண்டபாணி.

பத்து நிமிடம் போனது. அறை அடுப்படி மாதிரி ஆனது. கோதண்டபாணியின் போன் அடித்தது, அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. சர்வர் கிடங்கின் பெயர் அதில் மின்னியதை நான் பார்த்தேன், ஆய்வாளரும் பார்த்தார். இருபது நிமிடம். எனக்கு வியர்வையில் சுடிதார் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாதாவே, இந்தப் பெண்ணை இறக்கிவிடு என்று மனதுக்குள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன். நிலை உத்தரவை நானே நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை, அதிகாரி விரல் வைத்தால்தான் முடியும். ஓடிப்போய்க் கோதண்டபாணியின் காலில் விழலாமா என்றிருந்தது. விழுந்தால் இசக்கி என்னை மன்னிக்க மாட்டாள்.

முப்பது. முப்பத்து மூன்று. இசக்கி ஒரு கையைக் கண்ணுக்கு மேல் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டாள், மறு கை கம்பியிலேயே இருந்தது. ஆய்வாளர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

"சார்" என்றார் திரும்பாமலே. "கடைசியாக் கேக்கறேன். அப்படி ஒரு உத்தரவு இருக்கா?"

"இல்ல மேடம்."

முப்பத்தெட்டாவது நிமிடம். கோதண்டபாணியின் இடது கை மேசைக்குக் கீழே போனது. அவர் முகம் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தது. மடியில் டேப்லெட்டின் வெளிச்சம் அவர் சட்டையில் விழுந்து மறைந்தது.

என் திரையில் ஒரு வரி விழுந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

"12:28:31. மேல்தளம். நிலை உத்தரவு 7-40 ரத்து. அனுப்பியவர் ச. கோதண்டபாணி."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு டேப்லெட்டைப் பார்த்தார். அதற்குள் லைப்ரரி இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இத உள்ள சேர்க்க உங்களுக்கு யாரு அனுமதி குடுத்தா?" என்றார்.

"யாரும் குடுக்கல சார்."

ஆய்வாளர் ஜன்னலிலிருந்து திரும்பினார். "அத அப்புறம் பேசிக்கலாம். இல்லாத உத்தரவ எப்படி சார் ரத்து பண்ணினீங்க?"

"ஒரு உயிரக் காப்பாத்தத்தான் மேடம் பண்ணினேன்."

"காப்பாத்த முடியும்னு தெரிஞ்சிருக்கு. அன்னைக்கு அந்தப் பொண்ணு ரெண்டு தடவ டைம் கேட்டப்போ இந்தக் கை எங்க இருந்துச்சு?"

கோதண்டபாணி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

நான் ஜன்னலுக்கு ஓடி, இரண்டு கையையும் ஆட்டி அவளை இறங்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இசக்கி உள்ளே வந்ததும் எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. அத்தனை பேர் முன்னால் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அந்த ஆளு ரத்து பண்ணாம இருந்திருந்தா செத்திருப்பேடி. ஒரு மனுஷன் மனசாட்சிய நம்பி யாராவது கம்பியப் பிடிப்பாளா?"

அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். தோளில் தொங்கிய பையிலிருந்து மூன்று வெள்ளைப் பீங்கான் கட்டைகளை எடுத்து, கைப்பட்டைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். டிரான்ஸ்பார்மர் பெட்டியில் மாட்டுகிற ஃபியூஸ்கள்.

"இத உருவிட்டுத்தான் ஏறுனேன். வேற கம்பத்துல எல்லாம் இந்தப் பெட்டிய எடுத்துட்டாவ, எல்லாம் பட்டன்ல நடக்கும்னு. இங்க மட்டும் எடுக்க மறந்துட்டாவ. இது என் பையில இருக்கிற வரைக்கும் அந்தக் கம்பிக்கு எவன் உத்தரவு போட்டாலும் கரண்ட் வராது." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க செயலிய நம்பி இனி ஏறுதேன்னா நெனச்சீங்க?"

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

"சரிம்மா. ஃபியூஸ மாட்டு. புழுங்குது."

"மாட்டுதேன் மேடம். ஆனா எழுதி முடிங்க மொதல்ல." இசக்கி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூன்று ஃபியூஸையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இவ்வொ எல்லாம் ஏசியில உக்காந்தா நடந்ததெல்லாம் மறந்து போயிரும். எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதுக்குப் பொறவு மாட்டுதேன்."

"சர்வர் கிடங்குக்குக் கரண்ட் போயி..." என்று தொடங்கினார் கோதண்டபாணி.

"அவங்களுக்கு டைம் வேணும்னா உங்களக் கேக்கச் சொல்லுங்க சார். ரெண்டு தடவ கேக்கச் சொல்லுங்க."

ஆய்வாளர் பேனாவை எடுத்தார். அந்த வெக்கையில், வியர்வை காகிதத்தில் சொட்டச் சொட்ட, ஒரு மணி நேரம் எழுதினார். ரிட்டர்ன் வராமலே நாற்பதாவது நிமிடம் மின்சாரம் கொடுக்கிற நிலை உத்தரவு இருந்தது என்பதை எழுதினார். எர்த் சங்கிலி போடவில்லை என்று இசக்கி தானே சொல்லி எழுத வைத்தாள், ஏன் போடவில்லை என்பதையும் சேர்த்து. கடைசியில் காரணமானவர்கள் என்ற கட்டம் வந்தது. கோதண்டபாணியின் பெயரை எழுதிவிட்டு ஆய்வாளர் என்னைப் பார்த்தார்.

"அந்த ஒரு வரிக்கு உங்க பேரு வேணுமா? சாட்சியா வெச்சுக்கலாம் உங்கள."

இசக்கி என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த ஃபியூஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று நான் கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவள் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

பேனாவை வாங்கி நானே எழுதினேன். மி. ரெக்ஸலின். சான்றிதழில் நான் போடாத கையெழுத்தை அங்கே போட்டேன்.

இசக்கி காகிதத்தை வாங்கி, உதடு அசைய முழுக்கப் படித்தாள். பிறகு எழுந்து ஃபியூஸ்களைப் பையில் போட்டு, கைப்பட்டையை எடுத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, உங்க பெட்டியத் தெறந்து வெச்சிருங்க. இப்பத்தான் நான் ரிட்டர்ன் குடுக்கப் போறேன். அது எப்பிடி இருக்கும்னு எல்லாரும் ஒரு தடவ பாத்துக்கிடட்டும்."

ஐந்து நிமிடம் கழித்து என் திரையில் அந்த வரி வந்தது. 1:47:52. லைன் கிளியர் ரிட்டர்ன். ஆட்கள் அனைவரும் இறங்கினர். அனுப்பியவர் ஆ. இசக்கியம்மாள். அதற்குப் பிறகுதான் எங்கள் தலைக்குமேல் ஃபேன் சுற்றியது.